ஜெரி லீ லூயிஸின் கன்ட்ரி அல்பங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொக் அன்ட் ரோல் முன்னோடிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். எல்விஸ் பிரெஸ்லிக்கும் சக் பெரிக்கும் தாராளமாக இடம் கொடுத்திருந்தீர்கள். அமெரிக்கப் பாடகரும் பியானோக் கலைஞருமான ஜெரி லீ லூயிஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பந்தி. பியானோவைக் காலாலும் அடித்தவர், 1957இல் 'கிரேட் போல்ஸ் ஒஃப் ஃபயர்' பாடிப் புகழின் உச்சிக்குப் போனவர், 13 வயது உறவுக்காரச் சிறுமியை மணமுடித்தது 1958இல் இங்கிலாந்தில் வெளியே தெரிந்ததும் வீழ்ந்தவர். அவ்வளவுதான். அந்தத் திருமணம் பெரும் தவறு, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிதர் 2022 ஒக்டோபர் 28ஆம் திகதிதான் காலமானார். இடைப்பட்ட அறுபத்துச் சொச்சம் வருடங்களை உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. அவர் பியானோவை உண்மையிலேயே வாசித்த காலம் அதற்குள்தான் இருக்கிறது.

நான் கொழும்பில் பியானோ டியூன் செய்கிறவன். கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை வீடு வீடாகப் போகிறேன். வெள்ளவத்தையில் கடற்காற்று கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள்ளே சின்ன பல்பு எரியவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. டியூன் செய்து முடித்ததும் சிலர் ஸ்கேல் வாசித்துப் பார்ப்பார்கள். நான் ஜெரி லீயின் மெதுவான கன்ட்ரிப் பாட்டொன்றை, அதாவது அமெரிக்க நாட்டுப்புற வழியில் வந்த பாட்டொன்றை, வாசித்துப் பார்ப்பேன். கீழ்ச் சுரங்களில் இடது கை நிதானமாக நடக்க, வலது கை மேலே தனியாகப் பேசும். பியானோவில் எங்கே குறை இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

கன்ட்ரி இசை அவர் தோற்ற பிறகு தேடிப்போன அடைக்கலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மெம்பிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனத்தில் 1956இல் அவர் பதிவு செய்த முதல் இசைத்தட்டே 'கிரேஸி ஆர்ம்ஸ்' என்ற கன்ட்ரிப் பாட்டு. அதே வருடம் ரே பிரைஸ் பாடிப் பிரபலமாக்கியது. இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட 'கிரேட் போல்ஸ் ஒஃப் ஃபயர்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் 'யூ வின் அகெய்ன்' இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஆர்ப்பாட்டம், மறுபக்கத்தில் ஆறுதலே இல்லாத ஒரு மனிதனின் புலம்பல். அந்த இசைத்தட்டு வெளிவந்தபோது ஜெரி லீக்கு 22 வயது.

1958க்குப் பிறகு பத்து வருடங்கள் அவர் சிறிய மண்டபங்களிலும் மதுச்சாலைகளிலும் வாசித்துத் திரிந்தார். 1963இல் ஸ்மாஷ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தும் உடனே பலன் இல்லை. 1968இல் நாஷ்வில்லில் தயாரிப்பாளர் ஜெரி கென்னடி அவருக்குப் பழைய பாணிக் கன்ட்ரிப் பாட்டுகளைக் கொடுத்தார். அவற்றில் 'அனதர் பிளேஸ், அனதர் டைம்' அமெரிக்காவின் பிரபல கன்ட்ரிப் பாட்டுகளின் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது. அது ஏறிக்கொண்டிருந்த வேளையில் அவர் லொஸ் ஏஞ்சல்ஸில், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தழுவிய ரொக் இசை நாடகத்தில் வில்லன் இயாகோவாக நடித்துக்கொண்டிருந்தார்! அடுத்து வந்த 'வட்ஸ் மேட் மில்வோக்கி ஃபேமஸ்' இரண்டாம் இடம் வரை போனது. பியருக்குப் பேர்போன ஊரை வைத்து, குடியால் குடும்பத்தை இழந்தவன் பாடும் பாட்டு. 1969இல் 'டு மேக் லவ் ஸ்வீட்டர் ஃபோர் யூ' முதலிடத்தைப் பிடித்தது.

இந்த அல்பங்களில் பியானோ என்ன செய்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் கொழும்பில் கன்ட்ரிப் பாடகர் ஜிம் ரீவ்ஸைத் தெரியாத முதியவர் இல்லை. இலங்கை வானொலியின் ஆங்கில சேவை அவரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அவருடைய 'ஹீல் ஹாவ் டு கோ' பாட்டில் பின்னால் மெல்ல ஒலிக்கும் பியானோ ஃபுளொய்ட் கிரேமருடையது. ஒரு சுரத்தைத் தொட்டு அடுத்த சுரத்துக்குச் சறுக்கும் அந்த வாசிப்பு அழகானது, ஆனால் பாடகருக்கு வழிவிட்டு ஒதுங்கியே நிற்கும். ஜெரி லீ அப்படி ஒதுங்கவில்லை. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒருவரே என்பதால் குரல் மூச்சு வாங்கும் இடத்தில் கை பேசுகிறது. 'அனதர் பிளேஸ், அனதர் டைம்' பாட்டில், மதுச்சாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, அந்த ஆளுக்கு வீடு திரும்ப மனமில்லை. குரலில் அழுகை இல்லை. கட்டைகளை அவர் அழுத்தும் விதத்தில்தான் இருக்கிறது அந்தத் தயக்கம். ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் பக்கத்திலிருந்தும் பியானோ தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

எழுபதுகளில் வந்த எல்லா அல்பங்களையும் நான் இப்படிப் புகழ மாட்டேன். வயலின் கூட்டமும் கோரஸும் சேரச் சேர அவருடைய இடது கை பல பாட்டுகளில் மூழ்கிப்போகிறது. எனக்கு அது பெரிய மனவருத்தம்.

நான் டியூன் செய்யப் போகும் வீடுகளில் பிள்ளைகள் பரீட்சைக்குரிய மூன்று உருப்படிகளை வருடம் முழுதும் வாசிக்கிறார்கள். சுரம் பிசகாது, விரல் பிசகாது. கூடவே ஒருவர் பாடினால் எப்படி வாசிப்பது என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு பிள்ளைக்கு என் கைப்பேசியில் 'யூ வின் அகெய்ன்' போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, இடது கையை மட்டும் தானே தேடிப் பிடித்து வாசித்தாள். ஆசிரியர்களும் பெற்றோரும் இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

1986இல் ரொக் அன்ட் ரோல் புகழ் மண்டபம் முதல் வரிசையிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்துக்கு 2022 வரை ஆனது. விழாவுக்குப் போக அவருக்கு உடம்பு இடம்கொடுக்கவில்லை. அவர் சார்பில் பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் ஏற்றுக்கொண்டார். அந்த மாதமே ஜெரி லீ இறந்துவிட்டார். அமெரிக்காவிலேயே இவ்வளவு தாமதம் என்றால், இங்கே நாங்களாவது அதைச் சரியாக எழுத வேண்டாமா?

உங்கள் இசைப் பக்கத்தில் இந்தக் கன்ட்ரி அல்பங்களுக்கென்று ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். 1968இன் 'அனதர் பிளேஸ், அனதர் டைம்', 1970இன் 'ஷீ ஈவன் வோக் மீ அப் டு சே குட்பை' இரண்டிலிருந்தும் தொடங்கலாம். துறைமுகத்தில் வேலை செய்த என் சித்தப்பா கப்பல்காரர்களிடம் வாங்கிய பழைய இசைத்தட்டுகள் என்னிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. எழுதப்போகிறவர் வந்தால் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவேன், எந்த இடத்தில் எந்தக் கை என்ன செய்கிறது என்று என் பியானோவில் வாசித்தும் காட்டுவேன்.

இப்படிக்கு,
பியானோ டியூன் செய்பவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.