ட்ரம்ஸ் அடித்தவர் போன பிறகு

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் டச்சு வளைகுடாப் பக்கம் தலைகாட்ட ஏலாது. கோட்டைக்குள் மான்களும் மரநிழலை விட்டு அசையுதில்லை. அக்காவின் மகளுக்குக் கோணேசபுரி வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று அக்காவுக்குப் பெரிய நிம்மதி. அம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

எங்கட அமெரிக்க ரொக் குழு ஆர்.ஈ.எம். பற்றியும் அதன் ட்ரம்ஸ்காரர் பில் பெர்ரி பற்றியும் நீ எழுதிய ஒரு வரி மட்டும் என்னை விடுகுதில்லை. "பில் பெர்ரி விலகின அன்றைக்கே ஆர்.ஈ.எம். முடிஞ்சுது, மிச்ச 14 வருசமும் சும்மா இழுத்ததுதான்" என்று எழுதியிருக்கிறாய். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மச்சான். முதல் காரணம் பெர்ரியேதான். 1997 இல் தான் விலகப்போவதாக மற்ற மூன்று பேரிடமும் சொன்னபோது, தான் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். அவர்கள் தொடர்ந்து வாசித்தது அவருடைய விருப்பத்தோடு. அன்றைக்குக் கலைந்திருந்தால், ஊர் ஊராக அலைந்து களைத்து, வீட்டோடு இருக்க ஆசைப்பட்ட ஒரு மனிதனின் தலையில் அந்தப் பாரம் முழுக்க விழுந்திருக்கும். நீ ட்ரம்ஸ் அடித்தவன். அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

அவர்கள் சேர்ந்த விதத்தை நினைத்துப் பார். ஜோர்ஜியா மாநிலத்தில் அதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊர். கிற்றார்காரர் பீற்றர் பக் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்கிறார். அங்கே தட்டு வாங்க வருகிற மாணவன்தான் பாடகர் மைக்கேல் ஸ்ரைப். பேஸ் வாசிக்கிற மைக் மில்ஸும் பெர்ரியும் மேக்கன் நகரில் ஒரே பள்ளிக்கூடம், தொடக்கத்தில் ஒருவருக்கு மற்றவரைக் கண்ணில் காட்டக்கூடாது. 1980 ஏப்ரல் 5 ஆம் திகதி, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் நாலு பேரும் முதன்முதலாக வாசித்தார்கள். அது புனித மரியாள் தேவாலயம். எங்கட ஊர்ப் பேராலயத்தின் பெயரும் அதுதான் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோசம். அதென்ஸில் இப்போது மணிக்கோபுரம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

பெயர் எடுத்த பிறகும் அவர்கள் நியூயோர்க்குக்கோ லொஸ் ஏஞ்சல்ஸுக்கோ குடிபோகவில்லை. கொழும்புக்குப் போனால்தான் உருப்படலாம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. அலுவலகத்தையும் அதென்ஸிலேயே வைத்துக்கொண்டார்கள். 1992 இல் வந்த 'ஒட்டோமாட்டிக் ஃபோர் த பீப்பிள்' என்ற இசைத்தட்டின் தலைப்பே அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசகம். மத்திய வீதியில் நாங்கள் கொத்து ரொட்டி சாப்பிடும் கடையின் பெயர்ப்பலகையிலிருந்து ஒரு வரியை எடுத்து, உலகம் முழுக்க விற்கப்போகும் இசைத்தட்டுக்குச் சூட்டுவதற்கு எவ்வளவு ஊர்ப்பற்று வேணும் சொல்லு!

1981 இல் வந்த முதல் பாட்டு 'ரேடியோ ஃப்ரீ யூரோப்'. அது மியூனிக்கிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா நடத்திய வானொலியின் பெயர். நிலாவெளிப் பக்கம் ஜெர்மன் வானொலியின் மறுஒலிபரப்புக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தூரதேசத்துச் செய்தி எங்கட தலைக்கு மேலால் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத இரவுகளில் உன்ர அப்பாவின் பற்றறி றேடியோவைச் சுற்றி இருந்து ஊசியைத் திருப்பித் திருப்பித் தேடுவோமே, அந்தப் பழக்கம் இருந்தபடியால்தான் ஸ்ரைப்பின் குரல் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை என்று நினைக்கிறேன். சிற்றலையில் வருகிற குரல் போல அது கிட்ட வரும், மங்கும், ஒரு சொல் பிடிபடும், அடுத்தது அலையோடு போகும். வரிகள் விளங்காவிட்டாலும் ஒரு மனிதன் மனதாரப் பாடுகிறான் என்பது விளங்கும். டுபாயிலிருந்து உன்ர அண்ணா கொண்டுவந்த கசெட்டில் உறையே இல்லை, நாங்கள் எழுதிவைத்த வரிகள் எல்லாம் ஊகம்தான். 1983 இல் 'மேர்மர்' வந்தபோது அமெரிக்காக்காரருக்கும் அதே நிலைமைதான். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்த அந்த வருசத்தில், ரோலிங் ஸ்டோன் இதழ் ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தெரிவு செய்தது 'மேர்மரை'. உரத்துச் சத்தம் போடாத, முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாத நாலு பேர்!

அந்த 80களைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வருசத்துக்கு ஒரு தட்டு, மிச்ச நேரம் வான் வண்டியில் ஊர் ஊராக ஓட்டம். 1985 இல் இலண்டன் போய்ப் பதிவு செய்தபோது குளிரிலும் மழையிலும் மனம் கசந்து கலையும் நிலைக்கு வந்ததும் உனக்குத் தெரிந்த கதை.

ஆனால் அவர்களை 31 வருசம் ஒன்றாக வைத்திருந்தது எது என்பதில்தான் நீயும் நானும் வேறுபடுகிறோம். நீ பெர்ரியின் தாளம் என்கிறாய். நான் சொல்வது, பாட்டுக்குக் கீழே அவர்கள் எழுதிய பெயர்கள். யார் மெட்டைக் கொண்டுவந்தாலும் யார் வரி எழுதினாலும், பெர்ரி, பக், மில்ஸ், ஸ்ரைப் என்று நாலு பேரின் பெயரும் அகரவரிசையில் வரும். காசும் நாலு சம பங்கு. பெரிய தீர்மானம் எதற்கும் நாலு பேரும் சம்மதிக்க வேணும், ஒருவர் மறுத்தால் அது நடக்காது.

'எவ்ரிபடி ஹேர்ட்ஸ்' பாட்டை எடு. அதன் பெரும்பகுதி பெர்ரி கொண்டுவந்தது. ஆனால் தாளத்துக்கு அவர் கை இல்லை, மெசின்தான் அடிக்கிறது. தான் ட்ரம்ஸ் அடிப்பவன், அதனால் தன் பாட்டில் ட்ரம்ஸ் எடுப்பாகக் கேட்க வேணும் என்று அவர் நினைக்கவில்லை. பாட்டுக்கு எது தேவையோ அது போதும் என்று விட்டார். வயலின் வரிசைகளை லெட் செப்பெலின் குழுவின் ஜோன் போல் ஜோன்ஸ் எழுதிக் கொடுத்தார். நாலு பெயரும் சமமாக விழும் என்ற உறுதி இல்லாத குழுவில் ஒருவர் இப்படி ஒதுங்கி நிற்பாரா? அந்த வழக்கம்தான் அவர்களின் உண்மையான வாத்தியம் என்பேன்.

'லூசிங் மை ரிலிஜன்' பிறந்ததும் அப்படித்தான். பீற்றர் பக் புதிதாக மண்டலின் வாங்கி, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பழகும்போது வந்து விழுந்தது அந்த மெட்டு. பல்லவி என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத, மண்டலினில் ஓடுகிற அந்தப் பாட்டு 1991 இல் அமெரிக்கப் பட்டியலில் 4 ஆம் இடம் வரை ஏறியது. படம் பிடித்தவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். பாட்டு உலகம் முழுக்க ஒலிக்கும்போது அவர்கள் கச்சேரிச் சுற்றுலாவும் போகவில்லை. வீட்டில் இருந்து அடுத்த தட்டை எழுதினார்கள், அதுதான் நீயும் நானும் தேயத் தேயக் கேட்ட 'ஒட்டோமாட்டிக்'.

இதை இப்போது நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உவர்மலையில் எங்கட பின்வீட்டில் பொடியன்கள் நாலு பேர் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் எங்கட ஆக்கள், ஒருவன் கிண்ணியா, ஒருவன் சிங்களப் பொடியன், அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பின்னேரங்களில் நான் போய்க் கொஞ்சம் கிற்றார் காட்டிக்கொடுப்பேன். சொந்தமாக ஒரு பாட்டுச் செய்தார்கள், உண்மையிலேயே நல்ல பாட்டு. யூடியூப்பில் போடும்போது இசை என்று யாருடைய பெயர் வரவேணும் என்று தொடங்கி, ஒருவரோடு ஒருவர் கதைக்காத அளவுக்குப் போய்விட்டது. நான் அவர்களை இருத்தி இந்த நாலு பெயர்க் கதையைச் சொன்னேன். பேஸ் வாசிக்கிற பொடியன், "சேர், எல்லாரும் ஒரே அளவு வேலை செய்யிறதில்லையே, பிறகு எப்படிச் சமம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இந்தப் பாட்டில் நீ குறைய, அடுத்ததில் கூட என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அடுத்த பாட்டு வராது, அதுதான் என்று சொன்னேன். அரைமனதோடு தலையாட்டினார்கள். ஆனால் பாட்டு நாலு பெயரோடு போயிருக்கிறது.

சரி, பெர்ரியின் கதைக்கு வருகிறேன். 1995 மார்ச் 1, சுவிற்சர்லாந்தில் லோசான் நகரம். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தலையிடி தாங்காமல் எழும்பினார். மூளை இரத்தக்குழாயில் வீக்கம். அங்கேயே சத்திரசிகிச்சை செய்து பிழைத்தார், சில மாதத்துக்குள் திரும்பவும் மேடைக்கு வந்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை, ஸ்ரைப்புக்குக் குடலிறக்கம். அந்த அலைச்சலுக்கு நடுவில் மேடைகளிலும் ஒத்திகைகளிலும் பிடித்த பாட்டுகள்தான் 1996 இல் 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' ஆக வந்தன. அந்த வருசமே வோர்னர் இசைத்தட்டு நிறுவனத்தோடு புது ஒப்பந்தம், 80 மில்லியன் டொலர் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருசம் பெர்ரி அதெல்லாவற்றையும் விட்டு விலகி, ஜோர்ஜியாவில் தன் பண்ணைக்குப் போய்ப் புல்லு வெட்டி வைக்கோல் கட்டினார். இந்த மனிதனை எனக்கு ஏன் பிடிக்கும் என்று இனி நீ கேட்கக்கூடாது.

மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடப் பழகவேணும் என்று ஸ்ரைப் அப்போது சொன்னார். 1998 இல் வந்த 'அப்' அப்படி ஓடப் பழகின தட்டு. நீ அதை ஒருக்காக் கேட்டுவிட்டுத் தூக்கிப் போட்டாய். பெர்ரியின் இடத்தில் இன்னொருவரை இருத்தி அவரைப் போலவே அடிக்க வைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி அவர்கள் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தாள மெசின்களையும் பழைய கீபோட்டுகளையும் வைத்து, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவனுக்குத் தெரியும்படியே வாசித்தார்கள். பதிவு நடக்கும்போது குழு உடையும் அளவுக்குப் போனது. இவ்வளவு காலமும் வரிகளை மறைத்துப் பாடின ஸ்ரைப், முதன்முறையாகப் பாட்டு வரிகள் முழுவதையும் உறையில் அச்சடிக்க விட்டதும் அந்தத் தட்டில்தான். அதில் 'டேஸ்லீப்பர்' என்று ஒரு பாட்டு, இரவு வேலை செய்து பகலில் தூங்குகிற ஒருவனைப் பற்றியது. சீனன்குடா மா ஆலையில் நான் இரவு முறை பார்த்த காலத்தில் விடியற்காலையில் பஸ்ஸில் வரும்போது கேட்பேன். கண் எரியும், ஊர் அப்போதுதான் எழும்பும், நான் மட்டும் படுக்கப் போவேன். என்ர அந்தக் காலத்தை அப்படியே அறிந்து பாடின பாட்டு உலகத்தில் அது ஒன்றுதான்.

பிறகு வந்த எல்லாம் நல்லது என்று நான் வாதாட மாட்டேன். 2001 இன் 'ரிவீல்' வடிவான தட்டு, கடற்கரையில் கேட்க வேண்டியது. 2004 இன் 'அரவுண்ட் த சன்' களைத்துப்போனது, பீற்றர் பக்கே பின்னாளில் அதைக் குறை சொன்னார். ஆனால் அதிலிருந்து அவர்கள் எழும்பின விதத்தைப் பார். 2007 இல் டப்ளினில் ஒரு தியேட்டரில் 5 இரவுகள் சனத்துக்கு முன்னால் புதுப்பாட்டுகளை ஒத்திகை பார்த்தார்கள். 27 வருசம் வாசித்தவர்கள், கடுதாசியில் எழுதின வரிகளைப் பார்த்துப் பாடி, பிழைவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். அதிலிருந்து 2008 இல் 'அக்ஸிலரேட்', மொத்தம் 35 நிமிடம்கூட இல்லை, ஒரு மூச்சில் போகும். அந்த வயதில் அந்த வேகம் சும்மா இழுக்கிறவர்களிடம் வராது.

2011 செப்டம்பர் 21 இல் முடித்துக்கொண்டார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை, விடைபெறும் சுற்றுலா என்று காசு திரட்டவும் இல்லை. ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டிய தட்டைக் கொடுத்துவிட்டு, நண்பர்களாகவே பிரிந்தார்கள். 2024 ஜூனில் நியூயோர்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் பெர்ரியும் சேர்ந்து நாலு பேரும் ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள், அந்த மண்டலின் பாட்டு. நாலு பேரும் ஒரே மேடையில் நிற்க முடிந்ததற்குக் காரணம், 1997 இலும் 2011 இலும் அவர்கள் பிரிந்த விதம்தான்.

ஒன்று கேட்கவேணும் மச்சான், கனகாலமாகக் கேட்காமல் விட்டது. நீ கனடா போன பிறகு நாங்கள் மூன்று பேரும் வாசிப்பதை நிப்பாட்டினோம். உன்ர இடத்தில் வேறு ஆளை இருத்த மனம் வரவில்லை என்று அப்போது உனக்கு எழுதினோம். அதைக் கேட்டு நீ சந்தோசப்பட்டாயா, கவலைப்பட்டாயா? பெர்ரியோடு குழுவும் போயிருக்க வேணும் என்று நீ எழுதும்போது, எங்களை நினைத்துத்தான் அப்படி எழுதுகிறாயோ என்று எனக்குப் படுகிறது. எதுவானாலும் மறைக்காமல் எழுது.

'அப்' தட்டை ஹெட்போனில், இரவில், முழுக்கக் கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. இன்னொரு அலுவல்: கிண்ணியாப் பொடியன், அவன்தான் ட்ரம்ஸ், கார்த்திகையில் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். மற்ற மூன்று பேரும் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். முதலில் அவனிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீ மார்கழியில் வருவது உறுதி என்றால் ட்ரம்ஸ் குச்சி நல்லதாக இரண்டு சோடி வாங்கி வா, காசு நான் தருகிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் என்ர அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன்ர நண்பன்