கோடியக்கரைக்காரர்களுக்கு ஒரு நன்றி

கோடியக்கரைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "பூநாரை பார்க்கவா?" நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஐப்பசி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, பூநாரைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. சரி, வந்தது வந்தோம் என்று காட்டுக்குள் நடந்தேன்.

முதல் நன்றி, இரண்டு காலையும் என்னோடு நடந்த கல்லூரித் தம்பிக்கு. "காடு சும்மா கிடக்கே" என்று சொன்னேன். "அண்ணே, பைனாகுலரைக் கீழ இறக்குங்க, காதை மட்டும் கொடுங்க" என்றார். பாலை மர உச்சியில் மெல்லிசாக 'சிவீ' என்று ஒன்று, அது பச்சைக் கதிர்க்குருவி. காலடிப் புதரிலிருந்து கூழாங்கல்லைத் தட்டினாற்போல 'டக்... டக்' என்று இன்னொன்று, அது பிளித் நாணல் கதிர்க்குருவி. (பேரில்தான் நாணல், இருப்பதென்னவோ முள்ளுப் புதரில்.) கண்ணுக்கு இரண்டுமே மங்கலாய்த்தான் தெரியும், அதுவும் இலை அசைவதோடு சரி. பத்துப் பன்னிரண்டு கிராம்கூடத் தேறாத அந்த நாணல்காரன் ரஷ்யா, கஜகஸ்தான் பக்கமிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்திருக்கிறான் என்று தம்பி சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், காட்டு வாலாட்டி மட்டும் இடவலமாக ஆட்டும் என்று நடு வழியில் நின்று இடுப்பை ஆட்டியே காட்டினார். இனி அந்தப் பறவையை எங்கே பார்த்தாலும் அவர்தான் நினைவுக்கு வருவார். வெளிமானுக்காக 1967-ல் சரணாலயமாக அறிவித்த இடம் இது. குருவிகளெல்லாம் மான் தயவில் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன என்று சொன்னவரும் அவர்தான்.

பேருந்தில் பைனாகுலரை மறந்துவிட்டு இறங்கியது என் புத்தி. அடுத்த நடையில் கொண்டுவந்து கையில் கொடுத்த நடத்துனருக்கும் நன்றி.

டீக்கடை அக்காவை மறக்கவே முடியாது. மத்தியானம் கடைக்குப் பின்னால் விறகுக் கட்டோரம் ஆறுமணிக்குருவி ஒன்று சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, கண்ணில் மை தீட்டியது மாதிரி கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. நான் தண்ணீர் புகட்டப் போனேன். "வாயில ஊத்தாதீங்க, மூச்சு முட்டிப் போயிடும்" என்று ஒரே அதட்டல். பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, குருவியை உள்ளே விட்டு, துணியால் மூடி இருட்டில் வைத்தார். வருஷா வருஷம் இந்த மாதத்தில் ஒன்றிரண்டு இப்படி விழுமாம், பூனைக்கு முந்தி நாம் பார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளுமாம். பொழுது சாயப் பெட்டியைத் திறந்தோம். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு நாலு தத்து தத்திப் புதருக்குள் போய்விட்டது. "இலங்கைக்குப் போறதுன்னா பத்திரமா போ, சித்திரையில திரும்பி வர்றப்ப எட்டிப் பாரு" என்று அக்கா வழியனுப்பினார். சற்றுப் பொறுத்துப் புதருக்குள்ளிருந்து இரண்டு விசில் கேட்டது. மணி பார்த்தேன், ஆறேகால்.

அக்கா, அந்தக் கலவரத்தில் நாலு டீக்குக் காசு கொடுக்காமல் வந்துவிட்டேன். சித்திரையில் நானே வந்து தருகிறேன்.