ஹிஸ்டோகிராமை மட்டும் நம்பாதே

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும், மொபைல் சிக்னலின் ஏற்ற இறக்கத்தைக் கணினியில் உருவாக்கும் நிரலும் கிடைத்தன. இங்கு எல்லோரும் நலம். இரண்டு ஆன்டெனா ரிசீவரில் பிட் பிழை இவ்வளவு குறைவாக வருவது உனக்கே சந்தேகமாக இருப்பதாக எழுதியிருந்தாய். சந்தேகம் சரிதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும், ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் புதிதாக ரேண்டம் எண் எடுக்கிறாய். வீச்சுகளின் ஹிஸ்டோகிராம் கச்சிதமான ரேலி வடிவத்தில்தான் (பல பாதைகளில் வந்து சேரும் சிக்னலின் வீச்சுப் பரவல்) வரும், ஆனால் அதில் காலவரிசை தெரியாது. நிஜ சேனலில் சிக்னல் பள்ளத்தில் விழுந்தால் அடுத்தடுத்த சாம்பிள்களும் அங்கேயே கிடக்கும். பிழைகள் கொத்தாக வரும். உன் நிரலில் அவை சிதறி விழுவதால், பிழை திருத்தும் டிகோடர் சுலபமாகத் திருத்திவிடுகிறது.

900 மெகாஹெர்ட்ஸ், மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் டாப்ளர், அதாவது நகர்வதால் வரும் அதிகபட்ச அதிர்வெண் மாற்றம், 50 ஹெர்ட்ஸ். கிளார்க் 1968-இல் தந்த மாதிரியின்படி, நேரத் தொடர்பு (இப்போதைய சிக்னலும் சற்றுப் பிந்தைய சிக்னலும் ஒத்துப்போகும் அளவு) பூஜ்ய வரிசை பெசல் சார்பாக இறங்கி, 7.7 மில்லிசெகண்டில் முதல் முறை பூஜ்யத்தைத் தொடும். சிக்னல் சராசரித் திறனுக்கு 20 டெசிபல் கீழே நொடிக்குச் சுமார் 12 முறை விழும். ஒவ்வொரு முறையும் சராசரி 0.8 மில்லிசெகண்ட் அங்கே கிடக்கும்.

யங்–போலியு 2000-இல் வெளியிட்ட தலைகீழ் ஃபூரியர் முறையையே (அதிர்வெண்களிலிருந்து நேரத் தொடரை உருவாக்குவது) எடுத்துக்கொள். சாம்பிள் வேகம் 1 கிலோஹெர்ட்ஸ், நீளம் 65536. காம்ப்ளெக்ஸ் காஸியன் எண்களை டாப்ளர் நிறமாலையின் வர்க்கமூலத்தால் பெருக்கி உருமாற்று. சரியாக 50 ஹெர்ட்ஸில் நிறமாலை முடிவிலிக்குப் போவதால், விளிம்புப் புள்ளிக்கு மட்டும் பரப்பளவுச் சூத்திரத்திலிருந்து மதிப்புக் கொடு. தனித்தனியாக உருவாக்கிய தொகுதிகளை ஒட்டாதே, ஒட்டிய இடத்தில் சிக்னல் குதிக்கும்.

இப்படி இரண்டு தனித் தொடர்கள் எடு. வடிகட்டிக் கெழுக்களிலிருந்தே (நீ பெருக்கிய அந்த வர்க்கமூல எண்கள்) கணக்கிட்டு இரண்டின் வேரியன்ஸையும் 1 ஆக்கு; இதை விட்டால் பின்னால் வரும் தொடர்பு எண்ணே தப்பாகிவிடும். ஆன்டெனாக்களுக்கு இடையே தொடர்பு 0.7 வேண்டுமென்றால், முதல் ஆன்டெனாவுக்கு முதல் தொடர் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது ஆன்டெனாவுக்கு, முதல் தொடரின் 0.7 மடங்கும் இரண்டாவது தொடரின் 0.714 மடங்கும் சேர்ந்தது. தொடர்பு அணியை முக்கோண அணியாகப் பிரிக்கும் சோலெஸ்கி பிரிப்பு தருவது இவ்வளவுதான். ஒன்றில் கவனம் வை: இந்த 0.7 காம்ப்ளெக்ஸ் மதிப்புகளின் தொடர்பு. வீச்சுகளுக்கு இடையே அளந்தால் ஏறத்தாழ அதன் வர்க்கம், 0.49 தான் வரும். உன் கையில் இருப்பது அளந்து எடுத்த வீச்சுத் தொடர்பு 0.7 என்றால், நிரலில் 0.84 போட வேண்டும்.

நான்கு ஆன்டெனாவுக்குப் போகும்போது, அளந்து எடுத்த தொடர்பு அணியில் எதிர்க்குறி ஐகன் மதிப்பு வந்து சோலெஸ்கி நின்றுபோகலாம். அதைப் பூஜ்யமாக்கி, ஐகன் வெக்டர்களால் திரும்பக் கட்டு. மூலைவிட்டத்தை மறுபடி 1 ஆக்க மறக்காதே.

1 கிலோஹெர்ட்ஸ் தொடரைச் சிம்பல் (அனுப்பும் தரவின் அலகு) வேகத்துக்கு ஏற்றும்போது ரியல், இமாஜினரி இரண்டையும் தனித்தனியாக இடைச்செருகு. வீச்சையும் கோணத்தையும் இடைச்செருகினால் ஆழமான பள்ளத்தருகே கோணம் திடீரென்று புரள்வதால் எல்லாம் குழம்பும். பள்ளங்களை அதற்குப் பிறகே எண்ணு. 1 மில்லிசெகண்ட் இடைவெளியில் 0.8 மில்லிசெகண்ட் பள்ளங்கள் பல கண்ணில் படாது. எண்ணிக்கை நொடிக்கு 12-ஐ ஒட்டி வந்தபின் டிகோடரை ஓட்டி, புதிய பிழை வரைபடத்தை அனுப்பு.

அன்புடன்,
குமரன்