பளுதூக்கும் மேடையும் ரப்பர் பிளேட்டுகளும் வேண்டி மனு

அனுப்புநர்
தடகளப் பயிற்றுநர்,
வீரர், வீராங்கனைகள் சார்பாக.

பெறுநர்
விளையாட்டுத் துறை அலுவலர் அவர்கள்.

பொருள்: அரங்க உடற்பயிற்சிக் கூடத்தில் பளுதூக்கும் மேடையும் ரப்பர் பிளேட்டுகளும் அமைத்துத் தரவும், எடையுடன் குதிக்கும் பயிற்சிக்கு அனுமதி வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் பிரிவுகளில் இளையோருக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். எங்கள் உடற்பயிற்சிக் கூடச் சுவரில் ‘எடையைக் கீழே போடாதீர், எடையுடன் குதிக்காதீர்’ என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பொதுமக்களும் வந்துபோகும் இடத்துக்கு அது சரி. ஆனால் தடகளப் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த இரண்டும்தான். வாய்மொழியாகக் கேட்டபோது, “அதெல்லாம் பளுதூக்குபவர்களுக்கு, உங்களுக்கு எதற்கு?” என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்த மனு.

முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையைத் தொட்டிருப்பது 0.1 வினாடி அளவுதான். நீளம் தாண்டுபவர் பலகையை மிதித்து எழும்பும் நேரமும் அதை ஒட்டியே இருக்கும். ஆனால் கால் தசைகள் தங்கள் முழு விசைக்கு வந்து சேர 0.3 வினாடியாவது ஆகும். அதனால் ஒருவருக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. கிடைக்கும் அந்த நொடிப்பொழுதில் அதில் எவ்வளவு வெளியே வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பலத்துக்கு, எடை மாட்டிய ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் கனமான ஸ்குவாட் இருக்கிறது, அதை விடப்போவதில்லை. வேகத்துக்காக எடையைக் குறைத்து அதே ஸ்குவாட்டை விறுவிறுவென்று செய்யலாமே என்று தோன்றும். செய்து பார்த்தால் தெரியும்: கால் தரையிலேயே இருக்க வேண்டும் என்பதால், பாதி தூரம் எழுந்ததுமே உடம்பு பிரேக் போட ஆரம்பித்துவிடும். எடை குறையக் குறைய இந்தப் பிரேக்கும் சீக்கிரமே விழும். தரையை விட்டு எழும்பிக் குதித்துவிட்டால் கடைசி வரை தள்ளலாம். எடையுடன் குதிப்பதன் பயன் இதுதான். இதற்குப் பெரிய எடையும் வேண்டாம். வெறும் உடல் எடையில் தொடங்கி, ஸ்குவாட்டில் தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 விழுக்காடு வரை போனாலே பெரும்பாலோருக்குப் போதும்.

ராடை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச், தோள்வரை தூக்கும் கிளீன் ஆகிய லிஃப்டுகள் இதே வேலையை இன்னும் கனமான எடையில் செய்கின்றன. கிளீனில் உச்ச எடையின் 70, 80 விழுக்காட்டில்கூட வேகம் அவ்வளவாகக் குறையாது. எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தர நினைப்பது ஹேங் பவர் கிளீன்; அதாவது தரையிலிருந்து இல்லாமல் முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கி, முழுதாக உட்காராமல் தோளில் வாங்கும் கிளீன். கட்டைவிரலை ராடோடு ஒட்டி வைத்து அதன்மேல் மற்ற விரல்களை மூடிப் பிடிக்க வேண்டும். ராடு முழங்காலுக்குச் சற்று மேலே, தோள் ராடைத் தாண்டி முன்னே, கைகள் கயிறுபோலத் தளர்வாக. ராடு மேல்தொடையை உரசி ஏறும் கணத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒருசேர நிமிரும். உடனே முழங்கை சட்டென முன்னால் சுழன்று ராடு தோள் முகப்பில் வந்து உட்காரும். இதை மெதுவாகச் செய்ய முடியாது. சோம்பலாக இழுத்தால் ராடு மேலே வராது, அவ்வளவுதான். ‘வேகமாகச் செய்’ என்று நான் பக்கத்தில் நின்று கத்த வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தோளுக்கு வந்த ராடை மேடையில் அப்படியே விட்டுவிட வேண்டும். இரும்பு பிளேட்டுகளும் ஓடு பதித்த தரையுமாக இருக்கும் இடத்தில் அது முடியாது. ஒவ்வொரு முறையும் தொடைக்கு வாங்கி, முதுகை வளைத்துத் தரையில் வைக்கிறார்கள். தூக்கும்போது வராத வலி இறக்கும்போது வருகிறது. இன்னொன்று, இரும்பில் சின்ன எடை என்றால் வட்டமும் சின்னது. ராடு கணுக்காலுக்கு அருகே போய்விடும். புதிதாகக் கற்பவர் தரையிலிருந்து இழுக்கும்போது முதுகு கூனுவதற்கு இதுவே பாதிக் காரணம். 10 கிலோவிலிருந்து எல்லா ரப்பர் பிளேட்டுகளும் 45 சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை என்பதால் ராடு எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும்.

வீராங்கனைகள் நிலை இன்னும் மோசம். ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்கல் 2000 சிட்னியிலேயே வந்துவிட்டது. இங்கே இன்றும் ஒரு 15 கிலோ ராடு கிடையாது. அதன் தடிமன் 25 மில்லிமீட்டர். ஆண்களுக்கான 20 கிலோ ராடு 28 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டர்தான் சின்னக் கைக்குள் பிடி அடங்குமா நழுவுமா என்பதை முடிவு செய்கிறது.

எல்லோருக்கும் ஸ்நாட்ச் கற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கற்க மாதக்கணக்கில் ஆகும். போட்டி நெருங்கும் நேரத்தில் அதைத் தொடங்குவது வீண். ஈட்டி எறிபவருக்கு மணிக்கட்டிலோ முழங்கையிலோ தொந்தரவு இருந்தால் ராடைத் தோளில் வாங்கவே வேண்டாம். இழுப்பதோடு நிறுத்தும் கிளீன் புல்லும், உள்ளே நின்று தூக்கும் அறுகோண ராடான ஹெக்ஸ் பாரைக் கையில் பிடித்துக் குதிப்பதும் அவருக்குப் போதும். ஹெக்ஸ் பாரில் எடை உடம்பின் இருபுறமும் கை உயரத்தில் தொங்குவதால் கழுத்தும் முதுகும் தப்பிக்கும்.

பாதுகாப்பு பற்றித் தங்களுக்குக் கவலை இருக்கும். எடையில்லாமல் குதித்து, முழங்கால் உள்ளே மடங்காமல், சத்தமில்லாமல் இறங்கத் தெரியாத யாருக்கும் எடை கொடுக்க மாட்டேன். சிறுவர்களுக்கு வெறும் மரக்கழிதான். ஒரு செட்டுக்கு 3 முதல் 5 முறை, நடுவே 2, 3 நிமிட ஓய்வு. உடம்பு களைக்கும் முன், பயிற்சியின் தொடக்கத்திலேயே முடித்துவிடுவோம். வேகம் குறைந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்தம்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, தரைத்தளத்தில் 2.4 மீட்டர் சதுரத்தில், நடுவே மரமும் இருபுறம் ரப்பருமாக இரண்டு மேடைகள் அமைத்துத் தர வேண்டுகிறேன். 20 கிலோ, 15 கிலோ ராடுகள் இரண்டிரண்டு, ரப்பர் பிளேட்டுகள், அவை நழுவாமல் பிடிக்கும் காலர்கள், ஒரு ஹெக்ஸ் பார் ஆகியவையும் தேவை. முதல் சில மாதங்களுக்காவது தகுதி பெற்ற பளுதூக்கல் பயிற்றுநர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்தால் பெரிய உதவி. இடம் இல்லை என்று சொல்லக்கூடும். தொடையை நீட்டி மடக்கும் மெஷின்கள் நான்கு இருக்கின்றன. இரண்டை நகர்த்தினால் இடம் வந்துவிடும்.

நிதி வரத் தாமதமாகும் என்றால், ஹெக்ஸ் பார் ஒன்றை மட்டும் முதலில் வாங்கித் தாருங்கள். அதில் இப்போதுள்ள இரும்பு பிளேட்டுகளையே மாட்டிக் குதிக்கலாம். கூடவே, பயிற்றுநர் மேற்பார்வையில் தடகளப் பிரிவினர் எடையுடன் குதிக்கலாம் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி சேர்க்க ஆணையிட்டால் அடுத்த நாளே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தடகளப் பயிற்றுநர்

இணைப்பு: மேடை அளவு வரைபடம், 12 வாரப் பயிற்சி அட்டவணை, வீரர், வீராங்கனைகள் கையொப்பம்.