வெயில் இல்லாமல் எப்படிப் பூக்கும்?

சட்பரி, ஒன்டாரியோ
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கே நலம். வீட்டில் எல்லோரும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் பேசினாலும் சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன் என்று வைத்துவிடுகிறேன். தப்பு என்மேல்தான். அப்பாவின் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் மூன்று பக்கம், மேலே பிள்ளையார் சுழி. படிப்பதற்கு முன்னால் தாளை முகர்ந்து பார்த்தேன். அலமாரியில் கந்தக மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்களோ என்னவோ, மருந்து வாசனை அடித்தது.

இரண்டரைப் பக்கம் திட்டியிருக்கிறீர்கள். உத்தமபாளையம் சித்தி மகன் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் கஞ்சா வளர்க்கிற வீட்டில் குடியிருக்கிறான்" என்று சொல்லி, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கையெழுத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: "அது சரி, தரைக்குக் கீழே இருக்கிற ரூமில் வெயில் இல்லாமல் எப்படிப் பூக்கும்?" அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு. அம்மா, நான் கஞ்சா பிடிப்பதில்லை. செடி வீட்டுக்காரருடையது. நான் மாடி அறையில் இருக்கிறேன், செடி பேஸ்மெண்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும் என்று எனக்குத் தெரியாதா? வருசநாட்டு மலையில் போலீஸ் ஏறிச் செடிகளைப் பிடுங்கி எரித்த கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். அங்கே 1985-ல் வந்த சட்டப்படி, செடி வளர்த்தால் 10 வருடம் வரை கடுங்காவல். இங்கே அப்படி இல்லை. 2018 அக்டோபர் 17-லிருந்து கனடாவில் இது சட்டப்படி செல்லும். ஒன்டாரியோவில் 19 வயது ஆனவர்கள் ஒரு வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. விதையை உரிமம் பெற்ற கடையில் வாங்க வேண்டும். விளைந்ததை யாருக்கும் விற்கக் கூடாது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வைக்க முடியாது. எங்கள் வீட்டில் நாலே நாலுதான் இருக்கின்றன, நானே எண்ணியிருக்கிறேன்.

சரி, அந்த வீட்டுக்காரப் பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு 78 வயது. நிக்கல் சுரங்கத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் பின்லாந்திலிருந்து வந்த குடும்பம், இந்த ஊரில் அப்படி நிறையப் பேர் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கொட்டகை கட்டி வைத்திருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் அதற்குள் அடுப்பில் கல்லைச் சூடேற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்து வேர்த்துவிட்டு, வெளியே மைனஸ் 25 டிகிரியில் துண்டோடு நிற்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. இப்போது சனிக்கிழமை அந்தப் புகை தெரியவில்லை என்றால்தான் பயமாக இருக்கிறது.

அவர் சொன்ன ஒரு விஷயம் அப்பாவுக்குப் பிடிக்கும். ஒரு காலத்தில் உருக்காலைப் புகையில் இந்த ஊரைச் சுற்றி இருந்த மரமெல்லாம் செத்து, பாறையே கறுத்துப்போய்விட்டதாம். 1978-லிருந்து கறுத்த பாறைமேல் கையால் சுண்ணாம்புக் கல் தூளைத் தூவி, புல்லும் மரமும் நட ஆரம்பித்தார்கள். இதுவரை 1 கோடி மரத்துக்கு மேல் நட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு நாற்றுகளைச் சுரங்கத்துக்கு உள்ளேயே வளர்த்தார்கள். கிரைட்டன் சுரங்கத்தில் 4,600 அடி ஆழத்தில், பாறைக்கு நடுவில், விளக்கு வெளிச்சத்தில் பைன் கன்றுகள். வெளியே பனி பெய்தாலும் கீழே பாறைச் சூட்டில் கதகதப்பு மாறாது. இவர் அந்தக் கன்றுகளை நேரில் பார்த்தவர். "பூமிக்கு அடியில் பச்சையைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்பார்.

இனி அப்பாவின் கேள்வி. செடிக்கு வேண்டியது வெயில் இல்லை, வெளிச்சம். பேஸ்மெண்டில் ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு துணிக்கூடாரம். உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும். மேலே எல்இடி விளக்கு தொங்குகிறது. செடி வளர வளர அதைச் சங்கிலியில் ஏற்ற வேண்டும். மிகக் கிட்டே இருந்தால் இலை நுனி கருகும், எட்ட இருந்தால் தண்டு கழுத்தை நீட்டிக்கொண்டு நோஞ்சானாகப் போகும். இலையும் தண்டும் வளர்கிற காலத்தில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் விளக்கு எரியும், 6 மணி நேரம் இருட்டு. இப்படி ஒன்றரை இரண்டு மாதம். அப்புறம் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றினால், மழைக்காலம் முடிந்து இரவு நீள ஆரம்பித்துவிட்டது என்று செடி நினைத்துக்கொண்டு மொட்டு வைக்கும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக் காட்டில் ராத்திரி பல்பு எரியவிடுவார்களே, அது பூவைத் தள்ளிப்போட. இது அதையே திருப்பிப் போட்ட வித்தை, அவ்வளவுதான்.

அந்த 12 மணி நேர இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும். ஊசி முனை அளவு வெளிச்சம் தினம் உள்ளே விழுந்தாலும் செடி குழம்பிவிடும் என்கிறார். நவம்பரில் ஒரு நாள், "நீ உள்ளே போய் உட்கார், நான் ஜிப்பை மூடுகிறேன், ஐந்து நிமிடம் கண் பழகட்டும், எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று சொல்" என்றார். உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தொட்டியில் அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தோம், ஈர மண் வாசனை. மெதுவாக ஜிப் திரும்புகிற மூலையில் ஒரு புள்ளி தெரிந்தது. அதை நான் உடனே சொல்லவில்லை, அப்பா. நடு ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் என்னை எழுப்பிக்கொண்டு மேலக்காட்டுக்குப் போவீர்களே, மோட்டார் ரூமில் அந்த ஒரு சிவப்பு லைட் மட்டும் தெரியுமே, அதேபோல் இருந்தது. வெளியிலிருந்து பெரியவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் சொன்னேன். கறுப்பு டேப் ஒட்டி அடைத்தோம்.

புதிதாக வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்களாம். பாசத்தில் தண்ணீரை ஊற்றிக் கொல்வது. என்னையும் முதல் மாதம் தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. "தொட்டியைத் தூக்கிப் பார். கனமாக இருந்தால் திரும்பிப் போ. லேசாக இருந்தால் ஊற்று" என்பார். நீங்கள் இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பீர்கள், அவர் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறார். தொட்டிகூட பிளாஸ்டிக் இல்லை, துணிப்பை. வேருக்குக் காற்று போகும் என்று. மண்ணில் பெர்லைட் என்று வெள்ளைப் பொரி மாதிரி ஒன்றைக் கலக்கிறார், மண் இறுகாமல் இருக்க. உரத்தைப் பெட்டியில் போட்டிருக்கிற அளவில் பாதிதான் கொடுப்பார்.

பனையைப் போலவே இதிலும் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆண் ஒன்று உள்ளே இருந்துவிட்டால் மகரந்தம் பறந்து எல்லாம் விதையாகப் போய்விடும். அதனால் கணுவில் வெள்ளை முடி மாதிரி இரண்டு இழை வருகிறதா, சின்ன உருண்டை வருகிறதா என்று பார்க்க வேண்டும். உருண்டை என்றால் பிடுங்கிவிட வேண்டியதுதான். பெண் செடி மட்டுமே தருகிற விதையும் கடையில் கிடைக்கிறது, இவர் அதைத்தான் வாங்குகிறார்.

நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. டிசம்பரில் கீழ் இலைகளில் மாவு தூவினாற்போல வெள்ளை படிந்திருந்தது. பார்த்ததும் சாம்பல் நோய் என்று சொல்லிவிட்டேன். நம் திராட்சைப் பந்தலில் பார்க்காததா! கீழே அடர்ந்திருந்த இலைகளைக் கழித்து, காற்று ஓட வழி விட்டு, ஃபேனைத் திருப்பி வைத்து, ஈரப்பதத்தைக் குறைத்தோம். பரவவில்லை. "யாரிடம் படித்தாய்?" என்று கேட்டார். அப்பாவிடம் என்றேன். நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி, பந்தல் படத்தையும் காட்டினேன். கல்தூணையும் கம்பியையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசனை ஒன்றுதான் தொல்லை. பூ வைத்ததும் வீடு முழுக்க அடிக்கும். கரி வடிகட்டி வைத்த விசிறி காற்றை இழுத்து வெளியே விடுகிறது. என் சட்டையில் வாசனை ஏறிவிடக் கூடாது என்று கீழே போவதற்கு ஒரு பழைய சட்டை தனியாக வைத்திருக்கிறேன், அதனால் பயப்பட வேண்டாம். அறுத்த பிறகு இருட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் தலைகீழாகக் கட்டிக் காயவிட்டு, கண்ணாடி ஜாடியில் போட்டு, தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து மூட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு அடைத்தால் பூசணம் பிடித்துவிடும். அதெல்லாம் அவர் வேலை. அவருக்கு மூட்டுவலி, சுமையோடு படி இறங்க முடிவதில்லை. அதனால் தண்ணீர் சுமப்பதும் தொட்டி தூக்குவதும் நான். அதற்கு வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். எனக்கும் அது சௌகரியம்தான்.

குளிரைப் பற்றி என்ன எழுத? டிசம்பரில் சாயங்காலம் 4.40-க்கெல்லாம் சூரியன் அடைந்துவிடுகிறது. கல்லூரி விட்டு வரும்போது இருட்டு, மறுநாள் கிளம்பும்போதும் அரை இருட்டு. வேலை இல்லாவிட்டாலும் சில நாள் கீழே போய்க் கூடாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். ஜிப்பைப் பாதி திறந்தால் வெளிச்சம் தரையில் விழும், கொஞ்சம் சூடும் வரும். அவருடைய பழைய விளக்கு ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். அதன் கீழே என் அறையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. டொரொண்டோவிலிருந்து வந்த பையன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தது. ஒன்பது ஈர்க்கு விட்டிருக்கிறது. இன்னும் ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை. ரசத்துக்குக் காய்ந்த இலையே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ரொட்டி சுட்டார். புல்லா என்று அவர்கள் ஊர் ரொட்டி, தலைப்பின்னல் மாதிரி பின்னி வைப்பார்கள். நான் மாடியில் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஏலக்காய் வாசனை. அந்த ரொட்டியில் ஏலக்காய் போடுவார்களாம், எனக்குத் தெரியாது. அம்மா, விடியாமலே ஜீப்பில் வண்டன்மேடு ஏறிப் போய், இருட்டின பிறகு வருவீர்களே. உங்கள் சேலை, தூக்குவாளி, கை எல்லாம் அந்த வாசனைதான். ஜீப் சத்தம் கேட்டதும் நானும் அக்காவும் தெருமுனைக்கு ஓடுவோம். படி இறங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். கீழே போக முடியவில்லை, மேலேயும் போக முடியவில்லை. கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டு ரொட்டியைத் தட்டில் வைத்துப் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வைகாசியில் அக்கா மகனுக்குக் காதுகுத்து என்று எழுதியிருந்தீர்கள். அந்த மாதம் எனக்குத் தேர்வு இருக்கும், வர முடியாது. அக்காவுக்குக் கோபம் இருக்கும், அப்பாதான் எடுத்துச் சொல்ல வேண்டும். சின்னமனூர் பெரியப்பா மகன் என் இடத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். சீர் மட்டும் என் பேரில்தான் போக வேண்டும். கம்மலுக்கான பணத்தை ஏப்ரலில் அனுப்பிவிடுவேன். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு. புத்தகச் செலவு வந்துவிட்டது. கடையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, படிக்க நேரம் கிடைப்பதால் நல்லதுதான். கூட்டுறவு வங்கியில் அம்மா வளையலுக்கு வட்டி கட்டும் தேதி மார்ச் 20 தானே? அதற்குள் அனுப்பப் பார்க்கிறேன். நீங்கள் யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம்.

மேலக்காட்டுப் பந்தலில் நாலு தூண் சாய்ந்துவிட்டது, கொடியை வெட்டிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். தூணை மட்டும் நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். அந்தக் கொடி எனக்கு மூத்தது.

பார்சல் அனுப்பினால் விதையோ செடியோ எதையும் உள்ளே வைக்க வேண்டாம், இங்கே பிடித்துவைத்துக்கொள்வார்கள். சுண்டை வற்றலும் பருப்புப்பொடியும் போதும்.

கவாத்து எந்தத் தேதி என்று எழுதவில்லையே. வெட்டுகிற அன்றைக்குப் பந்தலுக்கு அடியில் நின்று வீடியோவில் கூப்பிடுங்கள். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே முந்தின நாள் ராத்திரி 8.30. பெரியவரும் பார்க்க வேண்டும் என்கிறார். எந்தக் கண்ணில் வெட்டுகிறீர்கள் என்று கிட்டே வைத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்