தொலைத்தொடர்புப் பங்குகளில் நான் சொல்லாமல் நடந்த கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. உங்கள் பங்குத் தரகு நிறுவனத்தில் கணக்குத் திறந்து எட்டு மாதமாகிறது. கணக்கு என் பெயரில்; பணம் அம்மாவுடையது. முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவருக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியில் 3 லட்சம் ரூபாய். இது உங்கள் அலுவலருக்கு முதல் நாளே தெரியும்.

பங்கு விலை இறங்கிவிட்டது என்று நான் எழுதவில்லை. சந்தை என்றால் ஏறும், இறங்கும். அந்தளவு எனக்கு விளங்கும். ஆறு கிழமைக்குள் நான் சொல்லாமலே என் கணக்கில் நடந்த நான்கு கொடுக்கல் வாங்கல்களுக்குத்தான் விளக்கம் கேட்கிறேன்.

ஹட்டன் டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், புதிதாகப் பங்கு வாங்குபவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தீர்கள். ரோல்ஸும் பிளேன்டீயும் தந்தீர்கள். "அரிசி கடனுக்கு வாங்குற வீட்லயும் போன் ரீலோட் காசுக்குத்தான் போடுறாங்க, அதனால தொலைத்தொடர்புப் பங்கு விழவே விழாது" என்று உங்கள் அலுவலர் சொன்னதும் மண்டபமே சிரித்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள் என்பதால் முதல் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியையும் சேர்த்து நம்பியது என் பிழை.

திரையில் டயலொக், டெலிகொம், மொபிட்டல், ஹச் என்று நான்கு தொலைபேசிக் கம்பனிகளின் பெயரைப் போட்டு, "பிரிச்சுப் போட்டா ஆபத்துக் குறையும்" என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். மொபிட்டல், ஸ்ரீலங்கா டெலிகொம்முக்குச் சொந்தமான கம்பனி. தனிப் பங்கு கிடையாது. ஹச் கொழும்புப் பங்குச் சந்தையிலேயே இல்லை. வாங்கக்கூடியவை இரண்டே இரண்டு: 2003இல் சந்தைக்கு வந்த டெலிகொம், 2005இல் வந்த டயலொக். இரண்டுக்கும் வருமானம் பெரும்பாலும் ரூபாயில், கோபுரத்துக்கும் கருவிக்கும் செலவு டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டபோது இரண்டுமே ஒன்றாகத்தான் அடிபட்டன. அந்த செப்டெம்பரில் கட்டணத்தை 20 வீதம் கூட்ட அனுமதி கிடைத்ததும் இரண்டுக்கும்தான். இதில் எதைப் பிரிப்பது, எங்கே போடுவது?

டெலிகொம் பங்கில் 49.5 வீதம் அரசிடமும் 44.98 வீதம் மலேசியக் குழுமமொன்றுக்குச் சொந்தமான கம்பனியிடமும் இருப்பதையும் அவர் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்கள் கைமாற்றிக்கொள்ள மிஞ்சுவது ஐந்தரை வீதம். அவசரத்துக்கு விற்கப் போனால், கேட்ட விலைக்கு ஆள் கிடைக்காமல் போகலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். புதிதாக வருபவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதையல்லவா?

சரி, நடந்ததற்கு வருகிறேன். முதலில் டயலொக் வாங்கியது என் விருப்பப்படிதான். மூன்றாவது கிழமை, இடைவேளை நேரத்தில் உங்கள் அலுவலர் போன் எடுத்தார். எங்கள் பாடசாலையில் சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் அரசமரத்தடியில் மட்டும். அங்கேயும் காற்றைப் பொறுத்துத்தான். "டீச்சர், டயலொக்கைக் குடுத்துட்டு டெலிகொம்முக்கு மாறிடுவோமா?" என்றார். "சரி தம்பி, யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். "சரி"யோடு லைன் கட்டாகிவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று சந்தை மூடுமுன்னே விற்று, வாங்கி, எல்லாம் முடித்துவிட்டார். தொலைத்தொடர்புப் பங்கு வாங்கப் போய் சிக்னல் இல்லாமல் மாட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அடுத்த மாற்றத்துக்கு அந்த அரைகுறை "சரி"யும் இல்லை. அழைப்பே வரவில்லை. டெலிகொம்மை விற்று மறுபடி டயலொக் வாங்கியிருக்கிறார். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம், கையில் பங்குதான் குறைந்திருக்கிறது.

கட்டணம் பற்றிக் கூட்டத்தில் "சின்னதா ஒரு கமிஷன்" என்றார்கள். வாங்கினாலும் விற்றாலும் ஒவ்வொரு தடவையும் 1.12 வீதம், அதில் 0.64 வீதம் உங்களுக்கு, மீதி பங்குச் சந்தை, பங்குகளைப் பதிந்து வைக்கும் மத்திய வைப்பு முறைமை, சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு, அரசாங்க வரி என்று போகிறது. 3 லட்சத்துக்குத் தடவைக்கு 3,360 ரூபாய். நான் சொல்லாத நான்குக்கும் 13,440.

கணக்குக் கூற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கொழுந்து நிறுக்கிற இடத்துல சாக்குக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க. இது எதுக்குக் கழிச்சாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களைத்தான் கேட்கிறேன். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி பார்த்தால், இது பத்து நாள் பேர், அதாவது பத்து நாள் வேலை.

அந்த 13,440 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். உங்கள் பங்கை மட்டும் தருகிறோம், வரி எங்கள் கையில் இல்லை என்று சொல்லாதீர்கள். கொடுக்கல் வாங்கலே நடந்திருக்காவிட்டால் வரியும் போயிருக்காது. அந்த ஆறு கிழமைக்கும் என் எண்ணோடு நடந்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகளும் வேண்டும். அழைப்பு பதிவாகிறது என்று ஒவ்வொரு தடவையும் உங்கள் இயந்திரக் குரல் சொல்கிறது, ஆகவே இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும் அனுப்புங்கள். கூட்டத்தைத் தமிழில் நடத்த முடிந்த உங்களுக்கு, பதினாறு பக்கத்தைத் தமிழில் தருவதா கஷ்டம்? அதுவரை, நான் எழுத்தில் தராத எந்த ஆணையையும் என் கணக்கில் போட வேண்டாம்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் கணக்குக் கூற்றையும் கொழும்புப் பங்குச் சந்தைக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கும் அனுப்புவேன். பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் சொன்னால் எனக்குப் பாதிதான் கேட்கும்.

இப்படிக்கு,
கணக்கின் உரிமையாளர்,
ஹட்டன்.