வீடில்லாத நோயாளியை எங்கே அனுப்புகிறீர்கள்?

மாவட்ட மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டச் சமூக நல அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பேருந்து நிலையத்தில் அண்மையில் நடந்தது உங்கள் இருவருக்கும் தெரியும் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. சர்க்கரை நோயால் கால்விரல்கள் அகற்றப்பட்டவர், வீடில்லாதவர், மலேசிய ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு முன்னாள் தொழிலாளி, நீண்ட விடுமுறைக்கு முந்திய நாள் வார்டிலிருந்து அனுப்பப்பட்டார். விடுமுறை முடிந்து சில நாள்களில் பேருந்து நிலையத்திலிருந்து அதே வார்டுக்குத் தூக்கி வரப்பட்டார். இம்முறை முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க நேர்ந்தது. அறுவை செய்த மருத்துவர்கள் மீதும் தாதியர் மீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த காலை, படுக்க இடமில்லாத காரணத்தால் இழந்தோம் என்பதே என் ஆற்றாமை.

தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அவரிடம் கொடுத்தனுப்பிய தாளை என்னிடம் காட்டினார்கள். கட்டு நனையக்கூடாது, அந்தக் காலை ஊன்றக்கூடாது, நாள்தோறும் கிளினிக்கில் காயத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும், மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் படுப்பவர் இதில் எதைச் செய்ய முடியும்? மழைச்சாரல் கட்டை நனைத்துவிடும். ஊன்றாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. விடுமுறையில் கிளினிக் மூடியிருக்கும்.

இன்சுலினைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். திறந்த இன்சுலின் ஊசிப்பேனா ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே தாங்கும் என்றாலும் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. நம் ஊர் நடுப்பகலில் தகரக் கூரையின் கீழ் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அது என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இதைவிடக் கொடுமை, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய ஊசியைப் போட்ட பிறகு சாப்பாடு கிடைக்காமல் போவது. சர்க்கரை இறங்கி, வியர்த்து, நாக்குழறித் தடுமாறுகிறவரைக் குடிகாரன் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். ஒருமுறை அப்படி மயங்கி விழுந்தவர் அடுத்த ஊசியைப் போட அஞ்சுவார். ஊசியை விட்டால் சர்க்கரை ஏறும். ஏறினால் காயம் ஆறாது. அவருக்கு நேர்ந்தது இதுதான். அவர் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளவில்லை என்று இப்போது சொல்லப்படுவதைக் கேட்கும்போது மனம் கொதிக்கிறது.

ஆகவே ஒன்றைக் கேட்கிறேன்: வீடில்லாத நோயாளியை வார்டிலிருந்து அனுப்புமுன், காயம் ஆறும்வரை அவர் தங்குவதற்கு ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள்.

இல்லங்கள் இருக்கின்றனவே என்று சொல்லப்படலாம். அரசாங்க முதியோர் இல்லமான ருமா செரி கெனாங்கான் 60 வயதைக் கடந்த, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக்கூடியவர்களுக்கானது. இவருக்கோ வயதும் போதாது, நடமாட்டமும் இல்லை. நாள்பட்ட நோயாளிகளுக்கான ருமா எசான் இல்லம், சிலாங்கூரின் கோல குபு பாருவிலும் திரங்கானுவின் டுங்குனிலும் இருக்கிறது. சில வாரம் காயம் ஆற வேண்டிய ஒருவரை அவ்வளவு தூரம் அனுப்பினால், அவருக்கு அறுவை செய்த மருத்துவர் மறுபடி எப்போது பார்ப்பார்? 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் தெருவில் இருப்பவரை அழைத்துச் சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்த அதிகாரம் தருகிறது. வார்டிலிருந்து வருபவருக்கு ஒரு கட்டில் வேண்டும் என்றால் மட்டும், உங்களில் ஒருவர் மற்றவர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறீர்கள்.

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வீடில்லாதோர் தங்கும் ஒரு விடுதிக்குள் 1985இல் 25 கட்டில்களோடு இதைத் தொடங்கினார்கள். பின்னர் அது 104 கட்டில்கள் கொண்ட தனி இல்லமாக வளர்ந்தது. காயம் கட்டத் தாதி, மருந்து வைக்கக் குளிர்பெட்டி, வேளைக்குச் சாப்பாடு, மருத்துவரிடம் போய்வர வண்டி ஆகியவையே அதன் அடிப்படை. நம் ஊருக்கு 25 கூட வேண்டாம். ஆறு கட்டில்கள் போதும். மருத்துவமனை வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய தாதியர் குடியிருப்பைத் திறந்துவிடுங்கள். கோயில் அன்னதானக் குழுவினர் மூன்று வேளையும் சமைத்துத் தரத் தயாராக இருக்கிறார்கள். கட்டு மாற்ற நானும் வருவேன்.

இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான் எனும் புதுக் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, வேலையோடு தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்தில்கூட நோயில் விழுந்தவனுக்கு ஒரு கட்டில் இருந்தது. எழுந்து பால் வெட்டப் போக வேண்டும் என்பதற்காகவே அதைப் போட்டு வைத்தார்கள் என்றாலும், கட்டில் இருந்தது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. இனியும் கால்கள் போகும் என்று தெரிந்துகொண்டே எல்லாரும் கூட்டம் போட்டுக் கலைகிறோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, அந்தக் குடியிருப்பின் சாவியை யார் தருவது, தாதியின் சம்பளத்தை யார் ஏற்பது என்பதை முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில், போக இடமில்லை என்று சொல்லும் எந்த நோயாளியையும், மருத்துவச் சமூகப் பணி அலுவலரின் கையொப்பம் இல்லாமல் வெளியே அனுப்ப வேண்டாம். காலை இழந்தவர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார். அவரை அடுத்து எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்பதை, அவர் வெளியே வருமுன் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவமனை உதவியாளர் ஒருவர்